நகைப்புக்கு அகப்படாத தளபதிகள்: வன்னிப் போர்க்கதையும் எள்ளல் நாடகமும்

போர் குறித்து எழுந்த நாடகங்களை ஆராய்வோர் பெரும்பாலும் வீரத்தையும் அவலத்தையுமே தமது ஆய்வுப் பொருளாகக் கொள்வர். போரை நடத்தும் அதிகாரியின் அறியாமையும் அகந்தையும் நகைப்புக்கு உரியனவாதல் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. எனினும் உலக நாடக வரலாற்றில் இந்நகைப்பு மிகப் பழையதொரு கிளையாகும். கி.மு. மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த உரோம நாடகாசிரியன் புளோட்டசு படைத்த தற்பெருமைப் படைவீரன், இத்தாலிய முகமூடி அரங்கில் 'கப்பித்தானோ' என்னும் கோழைத் தலைவனாக மறுபிறவி எடுத்தான். 1894 இல் மேடையேறிய பேர்னாட் ஷாவின் 'ஆயுதங்களும் மனிதனும்' நாடகத்தில் வரும் வீரன் தோட்டாக்களுக்குப் பதிலாகச் சொக்கலேற்றைக் கொண்டு திரிகின்றான். முதலாம் உலகப் போரின் பின்னர் செக் எழுத்தாளர் யரோசுலாவ் ஹாஷெக் 1921 முதல் 1923 வரை எழுதிய சுவெய்க் என்னும் சாதாரணச் சிப்பாயின் கதை, ஆஸ்திரியப் பேரரசின் படை அதிகாரத்தையே கேலிக்கூத்தாக்கியது. அதே போர் குறித்து 1963 இல் இலண்டனில் ஜோன் லிற்றில்வூட் அரங்கேற்றிய இசை நாடகமும், 1989 இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வந்த 'பிளாக்அடர்' தொடரின் இறுதிப் பகுதியும், சிங்கங்களைக் கழுதைகள் வழிநடத்தின என்ற பழிமொழிக்கு அரங்க வடிவம் கொடுத்தன எனலாம்.

இப்படைப்புகளுள் இருபதாம் நூற்றாண்டுக்குரியவற்றை ஒன்றிணைக்கும் பண்பு ஒன்று மனங்கொளத்தக்கது. இவற்றில் நகைப்புக்கு இலக்காகுபவன் எதிரியல்லன். தம் பக்கத்துத் தளபதியே. சுவெய்க்கின் நகைப்பு ஆஸ்திரியப் படையின் உள்ளிருந்து எழுகின்றது. 1961 இல் வெளிவந்த ஜோசப் ஹெல்லரின் நாவலில் அமெரிக்க விமானிகளைச் சாவுக்கு அனுப்புவோர் அமெரிக்க அதிகாரிகளே. கட்டாயப் படைச் சேவையின் காரணமாக எழுத்தறிவுடைய மனிதர் இலட்சக்கணக்கில் கீழ்நிலைச் சிப்பாய்களாகிப் போர்முனை கண்டு மீண்டனர். மேலிருந்து வந்த கட்டளைக்கும் கீழே கிடந்த பிணத்துக்கும் இடையிலான தூரத்தை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தனர். இவ்வகை எள்ளலின் சமூக அடித்தளம் அதுவேயாகும். 1976 இல் நோர்மன் டிக்சன் என்னும் உளவியலாளர் படைத்துறைத் திறமையின்மையைத் தனியொரு நூலாகவே ஆராய்ந்தார். அவரும் முன்னர்ப் படையதிகாரியாய் இருந்தவர் என்பது தற்செயலன்று.

இனி நம்மவரின் மரபினை நோக்குவோம். தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பார். அவற்றுள் எள்ளலும் பேதைமையும் அடங்கும். பிற்காலப் போரிலக்கியத்தில் இவ்விரண்டும் ஒருங்கே தொழிற்படும் இடம் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி ஆகும். முதலாங் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானிடம் தோற்ற கலிங்க வீரர் ஓடி ஒளியுங் காட்சியை நினைவு கூர்க. தலைமயிரைப் பறித்துச் சமணராய் நிற்போர் சிலர். வில்லின் நாணைப் பூணூலாக்கிக் கங்கையாட வந்த அந்தணராய் நடிப்போர் சிலர். குருதி தோய்ந்த ஆடையைக் காவியாகக் காட்டிப் புத்த துறவியாகுவோரும், யானை மணியைத் தாளமாக்கிப் பாணராகுவோரும் உளர். தமிழிற் போர்ப் பகிடிக்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. ஆயினும் இது வென்றவனின் அவையில், வென்றவனின் சோற்றை உண்டு சிரித்த சிரிப்பு. ஓடுபவன் கலிங்கன். சோழப் படையில் எவனும் கால் இடறி விழுந்ததாகக்கூடப் புலவர் பாடவில்லை.

தன் பக்கத்துத் தலைவனை எள்ளும் மரபு நமக்கு முற்றாக இல்லையென்றுங் கூறிவிட முடியாது. பாரதத்து விராட பருவத்தில் வரும் உத்தரகுமாரன் அதற்குச் சான்று. இப்பாத்திரத்தை நமது திறனாய்வாளர் போதியளவு மதிக்கவில்லை என்பது எமது கருத்து. மன்னன் தென்திசையில் நிரை மீட்கச் சென்றுவிட்ட வேளையில், வடதிசையிற் கௌரவர் வந்து ஆநிரை கவர்கின்றனர். அந்தப்புரத்து மகளிர் நடுவே நின்று, தேரோட்டி ஒருவன் மாத்திரம் வாய்த்தால் கௌரவரைத் தனியே வென்று வருவேன் என்கின்றான் இளவரசன். தேரோட்டி வாய்க்கின்றான், அவன் பேடியுருவில் மறைந்திருக்கும் அருச்சுனன். எதிரிப் படையைக் கண்ட மாத்திரத்தே உத்தரன் தேரினின்று குதித்து ஓட, அருச்சுனன் துரத்திப் பிடித்துத் தேரில் ஏற்றித் தானே போரிட்டு வெல்கின்றான்.

கதையின் உண்மையான கூர்மை இதன் பின்னரே வெளிப்படுகின்றது. தலைநகருக்கு இளவரசன் வென்றான் என்ற செய்தி வருகின்றது. தந்தை ஊரை அலங்கரிக்கப் பணிக்கின்றான். உடன் சூதாடிக்கொண்டிருந்த கங்கன், பேடி துணை நின்றதனால் வென்றிருப்பான் என்று சொல்ல, சினந்த மன்னன் சூதுக்காயால் அவன் முகத்தில் எறிகின்றான். குருதி வழிகின்றது. போர்க்களத்தில் நடந்தது ஒன்று. அரண்மனைக்கு வந்த அறிக்கை வேறொன்று. உண்மை கூறியவன் முகத்தில் அடி. படைத்துறை அறிக்கைகளின் இயல்பினை இதனினும் சுருக்கமாக விளக்கும் காட்சி வேறெங்குளது? பாரதப் போரின் முதனாளிலேயே இவ்வுத்தரன் சல்லியன் கையால் மடிகின்றான் என்பதையும் மறத்தலாகாது. சிரிக்க வைத்த சிறுவனைக் கதை போர்க்களத்துக்கு அனுப்பிக் கொன்றும் விடுகின்றது.

கூத்தரங்கில் இத்தகைய எள்ளலுக்கு வாய்ப்பளித்தவன் கட்டியகாரன். அரசன் வருமுன் வந்து அவன் பெருமையைக் கூறுவது இவன் தொழில். அப்பெருமையைச் சற்றுக் கோணலாகக் கூறினாற் போதும், கொலு மண்டபமே ஆட்டங்காணும். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் இவ்வாய்ப்பு நன்கு பயன்பட்டது. ஈழத்துக் கூத்துகளிலோ கட்டியகாரன் பெரும்பாலும் பணிவான அறிவிப்பாளனாகவே நின்றுவிட்டான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலிய கூத்துகளை நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது, அவற்றின் வீரமும் அவலமுமே செப்பனிடப்பட்டன. கூத்து தமிழரின் தேசிய வடிவமென நிறுவப்பட வேண்டியிருந்த காலம் அது. கலையின் கண்ணியத்தைக் காக்க முனைந்தோர் கோமாளிக்குக் கூடுதல் இடம் அளிக்காமை வியப்பன்று.

வன்னியின் தனிச்சொத்தெனக் கருதப்படுவது முல்லைத்தீவுப் பகுதிக் கோவலன் கூத்து. வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த நிலத்தில் இக்கூத்து செல்வாக்குப் பெற்றமை இயல்பே. அக்கதையினுள்ளும் ஆயுதந் தாங்கிய அறிவிலி ஒருவன் உளன். மூலக் காப்பியத்தில், கோவலனின் தோற்றங் கண்டு மற்றைக் காவலர் ஐயுற்று நிற்க, கள்ளுண்டு களித்த கல்வியறிவற்ற ஒருவன் வாளை வீசி விடுகின்றான். ஆராயாது ஆணையிட்ட அரசன், ஆராய்ந்து பொய் சொன்ன பொற்கொல்லன், எதையும் ஆராயாத கொலைஞன் என்னும் மூவரும் எள்ளல் நாடகத்துக்கு முழுமையாகப் பொருந்துவர். எனினும் கண்ணகியின் முன் எவருக்கும் சிரிப்பு வருவதில்லை. அதிகாரத்தின் மடமை வன்னிக் கூத்தரங்கிற் சாபத்துக்கும் நெருப்புக்கும் உரியதாயிற்றேயன்றி நகைப்புக்கு உரியதாகவில்லை.

இவ்விடத்து வன்னியின் வரலாறு எவ்வகைச் சரக்கினை நாடகக்காரர் கையில் கொடுத்தது என்பதை நோக்குதல் வேண்டும். அடங்காப்பற்று எனப் பெயர் பெற்ற இந்நிலத்தை 1782 இல் அடக்க முனைந்த ஒல்லாந்தர் கடும் எதிர்ப்பைச் சந்தித்தனர். அதன்பின் வன்னியை நிருவகித்த தோமஸ் நாகெல் எழுதி வைத்த அறிக்கை அக்கால நிலைமைக்கு முக்கிய சான்றாக உள்ளது. ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பெற்ற ஆங்கிலேயர், தேசாதிபதி பிரெடெரிக் நோர்த்தின் காலத்தில், 1803 இல் கண்டிமீது படையெடுத்தனர். பகிடி இங்கேயே தொடங்குகின்றது. ஏறத்தாழ வெறுமையான கண்டி நகரை பெப்ருவரி மாதம் பிடித்துக்கொண்ட ஆங்கிலேயர், முத்துசாமி என்பவரை அரியணையில் அமர்த்தினர். ஆளுவதற்குக் குடிகள் எவரும் வரவில்லை. காய்ச்சல் மாத்திரம் வந்தது. தளபதி மக்டோவல் நகரைவிட்டு வெளியேறினார். பின்னர் பொறுப்பு மேஜர் டேவியின் தலையில் விழுந்தது. யூன் 24 ஆந் திகதி டேவி சரணடைந்தார். வெளியேறிச் சென்ற படை வட்டபுளுவவிற் பெருக்கெடுத்தோடிய மகாவலியைக் கடக்க வழியின்றி நின்றது. தாம் முடிசூட்டிய முத்துசாமியை டேவி எதிரியிடம் ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். அதன் பின்னர் ஆங்கிலப் படையினரும் கொல்லப்பட்டனர். உயிர் தப்பிய டேவி கண்டிச் சிறையிலேயே தம் நாட்களைக் கழித்து மாண்டார்.

இத்தோல்வியின் சூடு தணியுமுன், அதே ஆண்டு ஓகஸ்ட் 25 ஆந் திகதி, பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினான். கப்டன் வொன் டிறிபேர்க்கின் தலைமையில் அங்கிருந்த காவற்படை துரத்தப்பட்டது. வன்னியன் வடமாவட்டங்களை ஊடறுத்து ஆனையிறவு வரை சென்றான் என்பது வன்னி மாவட்டங்கள் பற்றி 1895 இற் கைந்நூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் தரும் செய்தி. பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் படைகள் ஏவப்பட்டன. அவற்றுள் ஒரு படை ஒக்ரோபர் 31 ஆந் திகதி விடியற்காலையில் கற்சிலைமடுவில் வன்னியனை எதிர்பாராது தாக்கி முறியடித்தது. அப்படையை நடத்தியவரும் அதே டிறிபேர்க் தான். லூயிஸின் முயற்சியால் 1904 இல் அவ்விடத்தில் ஒரு கல் நாட்டப்பட்டது. டிறிபேர்க் வன்னியனைத் தோற்கடித்ததை அக்கல் கூறிற்று. இரண்டு மாதங்களுக்கு முன் அவர் முல்லைத்தீவை விட்டு ஓடியதற்கு எங்கும் கல் இல்லை. விராடன் அரண்மனையில் உத்தரனுக்கு எழுந்த வாழ்த்தொலியை இது நினைவூட்டாதோ?

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் சுவையானது. கண்டிமீது ஆறு திசைகளிலிருந்தும் படை அனுப்பத் திட்டமிட்ட ஜெனரல் வெமிஸ், பின்னர் அத்திட்டத்தைக் கைவிட்டார். மாற்றப்பட்ட கட்டளை மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரனுக்குத் தெளிவாகப் புரியவில்லை. முன்னைய திட்டமே நடைமுறையில் உள்ளதெனக் கொண்டு, ஏறத்தாழ 300 பேருடன் அவர் காடும் மலையும் கடந்து 1804 ஒக்ரோபரில் கண்டியை அடைந்தார். அங்கு மற்றைய ஐந்து படைகளுள் ஒன்றேனும் இல்லை. சில நாட்கள் காத்திருந்துவிட்டுத் தாக்குதல்களுக்கிடையே திருகோணமலைக்குத் திரும்பினார். அதனை 1810 இல் நூலாகவும் எழுதி வெளியிட்டார். வராத ஐந்து படைகளுக்காகத் தலைநகரிற் காத்து நிற்கும் தளபதி! ஹாஷெக் கையில் இது அகப்பட்டிருந்தால் நூறு பக்கமாவது ஓடியிருக்கும்.

ஆனால் நமது நாடகாசிரியர் இச்சரக்கை எவ்வாறு கையாண்டனர்? முள்ளியவளை தந்த முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகமும், அதன் முன்னும் பின்னுமாக வன்னியிற் பாடசாலை மேடைகளிலும் கோயில் முன்றல்களிலும் நடிக்கப்பட்ட அதே கதையும், வீரநாயகன் – காட்டிக்கொடுப்போன் என்ற இருமுனையில் அமைந்தன. காக்கைவன்னியன் துரோகியானான், டிறிபேர்க் கொடிய அந்நியனானார். ஆங்கிலக் கப்டன் அறிவற்றவராகவும் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்நாடகக் கட்டமைப்பில் இடமில்லை. காரணம் வெளிப்படையானது. எதிரி மூடனாயின் அவனை வென்ற நாயகனின் பெருமை குறையும். அவனிடம் தோற்ற நாயகனோ நகைப்புக்கே உரியவனாவான். தோல்வியை விளக்கத் துரோகம் வேண்டியிருந்தது. உரிமைப் போராட்டங்களின் பின்னணியில் தமக்கென ஒரு வீர வரலாற்றைத் தேடிய வன்னி மக்களுக்கு இவ்வடிவம் தேவையாயிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அத்தேவையே பிறிதொரு வாயிலை அடைத்துவிட்டது என்பதையும் வரலாற்றாசிரியன் குறித்தல் வேண்டும். தோல்வி என்றால் துரோகம் என்ற சூத்திரம் பின்னைய தலைமுறைகளுக்கு எவ்வளவு விலையுயர்ந்ததாயிற்று என்பதை நாம் அறிவோம்.

தெற்கே சிங்களக் கிராமிய அரங்கில் நிலைமை வேறாக இருந்தது. கரையோரப் பகுதிக் கோலம் ஆட்டத்தில் ஆராய்ச்சியும் முதலியும் பொலிஸ்காரனும் வேடிக்கைப் பாத்திரங்களாக வருவர். போரினின்று மீண்ட சிப்பாய்கள், வெட்டும் வடுவும் கொண்ட முகமூடி அணிந்து தமது வீரத்தைத் தாமே கூறிக் கூத்தாடுவர். பேராசிரியர் சரச்சந்திர இவ்வாட்டங்களை 1952 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். குடியேற்ற ஆட்சியின் அடிவருடிகளாயிருந்த உள்ளூர் அதிகாரிகளை நாள்தோறும் கண்ட கரையோரக் குடியானவனுக்கு அவர்களை எள்ளும் துணிவும் தேவையும் ஒருங்கே இருந்தன. குடிசெறிவு குறைந்த, குளத்தையும் கோயிலையும் மையமாகக் கொண்ட வன்னியில் அதிகாரி தொலைவில் இருந்தான். அவன் வரும்போது ஒன்றில் வரிக்காக வந்தான், அன்றேல் படையோடு வந்தான். பழகாத முகத்தைக் கேலி செய்தல் எளிதன்று.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அம்முகம் நன்கு பழகிப்போயிற்று. 1995 டிசெம்பரில் யாழ்ப்பாண நகர் கைப்பற்றப்பட்டமையைக் கொண்டாடும் விழாவில், பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அநுருத்த ரத்வத்த பண்டைய மன்னர் கால முறையில் வெற்றிச் செய்திச் சுருளை சனாதிபதியிடம் கையளித்தார். தொண்டர் படையில் லெப்டினன்ட் கேணலாக இருந்த அவர் ஜெனரலாக உயர்த்தப்பட்டார். 1996 யூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம் வீழ்ந்தது. 1997 மே 13 ஆந் திகதி, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலான தரைப்பாதையைத் திறக்கும் நோக்கோடு 'ஜெயசிக்குறு' தொடங்கியது. வெற்றி நிச்சயம் என்பது அப்பெயரின் பொருள். 1998 பெப்ருவரி 4 ஆந் திகதி, சுதந்திரப் பொன்விழாவுக்கு முன்னர் பாதை திறக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு வளர்க்கப்பட்டது. அந்நாள் வந்தது, பாதை திறக்கப்படவில்லை. யூன் மாதத்தில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டது. செப்ரெம்பரில் கிளிநொச்சி கைமாறியது. டிசெம்பரில் நடவடிக்கை கைவிடப்பட்டது. பத்தொன்பது மாதங்களாக அங்குலம் அங்குலமாகப் பிடித்த நிலப்பரப்பின் பெரும்பகுதி 1999 நவெம்பரில் சில நாட்களுள் மீளவும் கைமாறியது.

வன்னி மக்கள் இதனைக் கண்டு சிரித்திருப்பார்கள் என்று எளிதாக எழுதிவிடலாம். ஆனால் அச்சிரிப்பு எத்தகையது என்பதே வினா. அவர்களது தலைக்கு மேலே விமானங்கள் பறந்தன. மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்தது. மாங்குளத்தினதும் புளியங்குளத்தினதும் மக்கள் மர நிழல்களில் அகதிகளாய்க் கிடந்தனர். எதிரித் தளபதியின் மடமை அவர்களது துயரத்தைக் குறைக்கவில்லை, நீட்டித்தது. அக்காலத்து வன்னியிற் தெருவெளி அரங்கு செழித்தது உண்மை. அது பெரிதும் விடுதலைப் புலிகளின் பரப்புரைக்கும் ஆட்சேர்ப்புக்கும் பயன்பட்ட அரங்கு. கலிங்கத்துப்பரணியின் சிரிப்புக்கு அங்கு இடமிருந்தது. சுவெய்க்கின் சிரிப்புக்கு இருக்கவில்லை. தன் பிள்ளையை அனுப்பிய தாய், அவனை நடத்திய தளபதியின் திட்டம் சரியானதா என்று மேடையிலிருந்து கேட்க முடியவில்லை. மேடைக்கு வெளியேயும் கேட்க முடியவில்லை. 2009 இல் புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய கரையில் அவ்வினாவைக் கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை உயிர் மீண்டோர் அறிவர். ஷெல் வீசியவனின் திறமையின்மையையும் திறமையையும் ஒருங்கே அனுபவித்தவர்கள் அவர்களே.

தமிழ்நாட்டில் இதே காலப்பகுதியில் கோழை ஆட்சியாளனை மையமாகக் கொண்டு ஒரு வெற்றிப் படம் வந்தது. சிம்புதேவன் இயக்கி வடிவேலு நடித்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006), வெள்ளையனுக்கு அடிபணியும் மூட மன்னனைத் திறம்பட எள்ளியது. சேனையின் கதி, வீரருக்கு நடக்கும் தேர்வு, போர்க்களத்தில் வெண்கொடி என அதன் காட்சிகள் பல படைத்துறை மடமையைத் தொட்டன. ஆயினும் மூடனுக்கு ஒரு நல்ல இரட்டையனை வைத்து, அரியணையை அவனிடம் ஒப்படைத்துப் படம் ஆறுதல் தேடிக்கொண்டது. அரியணை என்பதே நகைப்புக்கு உரியதாகலாம் என்ற எல்லையை அது தாண்டவில்லை. போர் நிகழாத நிலத்தில் அவ்வளவு சிரிப்பும் கிடைத்தது பெரிதே.

ஈழப் போரின் படைத்துறை மடமையை அகத்திருந்து கூரிய எள்ளலோடு நோக்கிய படைப்பு எமது மொழியிலன்றிச் சிங்களத்திலேயே தோன்றியது. பிரசன்ன விதானகே 1997 இல் உருவாக்கிய 'புரஹந்த களுவர' நகைச்சுவைப் படமன்று. ஆயின் அதன் நடுவே நிற்பது கொடியதொரு பகிடி. வரண்ட வலயத்துக் கிராமமொன்றில் வாழும் பார்வையிழந்த முதியவர் ஒருவருக்கு, போரில் இறந்த மகனின் உடல் முத்திரையிட்ட பெட்டியில் வருகின்றது. திறந்து பார்க்கக்கூடாது என்பது கட்டளை. இழப்பீட்டுப் பணத்துக்கான படிவத்திற் கையொப்பமிட முதியவர் மறுக்கின்றார். ஊரார் வற்புறுத்துகின்றனர், வறுமையும் வற்புறுத்துகின்றது. இறுதியில் அவர் மண்வெட்டி எடுத்துச் சென்று புதைகுழியைத் தோண்டுகின்றார். பெட்டியினுள் வாழைக்குற்றி கிடக்கின்றது. இப்படம் 2000 ஆம் ஆண்டில் திரையிடத் தடைசெய்யப்பட்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னர் 2001 இல் வெளிவந்தது. அம்முதியவரின் பெயர் வன்னிஹாமி.